பொய்க்கு மார்க் போடும் கம்ப்யூட்டர்

பெரிய வழக்கு எதுவானாலும், சந்தேகத்துக்கு உள்ளானவருக்கு ‘உண்மை கண்டறியும் சோதனை’ நடந்ததாகப் பத்திரிகையில் படிக்கிறோம். ‘மெஷினே சொல்லிவிட்டது’ என்று நம்மவர்களும் காப்பி ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த மெஷினை நான் அவ்வளவு நம்பத் தயாரில்லை.

பாலிகிராஃப் கருவிக்குப் பொய் தெரியாது. மூச்சு, ரத்த அழுத்தம், விரல்களில் ஊறும் வியர்வை, இவற்றைக் கோடுகளாக வரையும், அவ்வளவுதான். முன்பெல்லாம் பரிசோதகர் அந்தக் கோடுகளைக் கண்ணால் பார்த்து மார்க் போடுவார். 1990களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ‘பாலிஸ்கோர்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. பொய்யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது எண்ணாகவே கொடுத்துவிடும். மனிதர் சொன்னால் எதிர்த்துப் பேசுவோம். கம்ப்யூட்டர் தசமப் புள்ளியோடு சொன்னால் வாயடைத்துப் போகிறோம்.

ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்விரிசலைக் காண அல்ட்ராசோனிக் கருவி உண்டு. துளை போட்ட மாதிரித் துண்டில் வைத்து முதலில் அதைச் சரிபார்ப்போம். துளை இருப்பது நமக்குத் தெரியும். காட்டாவிட்டால் கோளாறு கருவியில். அப்புறமும் சந்தேகம் என்றால் தண்டவாளத்தை வெட்டியெடுத்து உடைத்தே பார்த்துவிடலாம். பொய்க்கு மாதிரித் துண்டு எங்கே கிடைக்கும்? ஆய்வுக்கூடத்தில் சிலரைத் திருடுவதுபோல் நடிக்கவைத்துச் சோதிக்கிறார்கள். வேலையும் மானமும் போகுமே என்ற பயம் நடிப்பவனுக்கு ஏது? நிஜ வழக்குகளில், குற்றவாளி பிறகு ஒப்புக்கொண்டதை வைத்துச் சரிபார்ப்பதும் உண்டு. கருவியை ஏமாற்றிவிட்டுப் போனவன் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அவன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான். இப்படிப் பழக்கிய மென்பொருள்தான் மார்க் போடுகிறது.

கேள்வியே கோணலாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. பம்பாயிலோ டெல்லியிலோ இந்தியில் கேட்ட கேள்வியை மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்துப் பதறுகிறவனின் வியர்வையும், திருடனின் வியர்வையும் அதற்கு ஒன்றுதான்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 10,000 ஊழியர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், கூடவே சுமார் 1,600 அப்பாவிகளும் மாட்டுவார்கள். ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரியோ, சோவியத்துக்கு உளவு சொல்லிக்கொண்டே 1986லும் 1991லும் இந்தச் சோதனையில் தேறிவிட்டார்!

நம் நாட்டில் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. சம்மதமில்லாமல் இந்தச் சோதனை கூடாது. சம்மதத்தை மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் பதிவு செய்யவேண்டும். சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவு மட்டும் சாட்சியமாகாது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் பிள்ளைகளிடம், ‘மடியில் கனமில்லையென்றால் உட்காரேன்’ என்று யாராவது காகிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.