ஏற்றத்துக்கு ‘எஸ்’, இறக்கத்துக்கு ‘எல்’

‘‘கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் இருக்கிறது. பழைய சி.வி.டி கார் ஒன்று வாங்கினேன். மலை ஏறும்போது என்ஜின் சத்தம் கூடும் அளவுக்கு வேகம் கூடவில்லை. இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாடை வருகிறது. லிவரில் டி, எஸ், எல் என்று இருக்கின்றன. எதை எப்போது போட வேண்டும்?’’

- வாசகர், கொல்லிமலை.

முதலில் கவனிக்க வேண்டியது கருகல் வாடையைத்தான். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ‘டி’யிலேயே, பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வாடை வந்ததும் அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

தீவனம் நறுக்கும் எந்திரத்தில் மோட்டார் பக்கம் சின்ன புல்லி, எந்திரம் பக்கம் பெரிய புல்லி போட்டால் சுற்று குறைந்து இழுவை கூடும். மாற்றிப் போட்டால் வேகம் கூடும், இழுவை குறையும். சி.வி.டி-யும் இதே கணக்குதான். புல்லியைக் கழற்றி மாட்டாமலே, ஓடும்போதே அதன் அளவு மாறுகிறது. ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக நிற்கும் இரண்டு கூம்புகள். அவை நெருங்கினால் பெல்ட் மேலேறும்; விலகினால் உள்ளே இறங்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் இந்த ஏற்பாடே. அதில் ரப்பர் பெல்ட். காரில் பெரும்பாலும் ஸ்டீல் பெல்ட். 1958-ல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இதைக் காரில் கொண்டு வந்தபோது, அதுவும் ரப்பர் பெல்ட்டாகத்தான் இருந்தது.

எந்த எழுத்தைப் போட்டாலும் உள்ளே வேறு கியர் விழுவதில்லை. கம்ப்யூட்டருக்குப் போகும் உத்தரவு மட்டுமே மாறுகிறது. ‘டி’யில் பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜின் சுற்றைக் குறைவாக வைக்கும். சமவெளிக்கு அது போதும். ‘எஸ்’ போட்டால் சுற்று உயர்ந்தே நிற்கும், மிதித்ததும் இழுக்கும். ஏற்றத்துக்கு இதுவே நல்லது. ‘எல்’ இழுவைப் பக்கமே புல்லியை நிறுத்தி வைக்கும். இறங்கும்போது காலை எடுத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். இறக்கம் தொடங்கும் முன்பே, மெதுவாகப் போகும்போது மாற்றிவிட வேண்டும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் உண்டு. ஆபத்து ஒருபுறம் இருக்க, மிச்சமும் இல்லை. இன்றைய பெட்ரோல் கார்களில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓட பெட்ரோல் செலவாகும்.

ஏற்றத்தில் சத்தம் முந்துவதும் வேகம் பிந்துவதும் சி.வி.டி-யின் சுபாவம். ஆனால், வண்டி அதிர்ந்தாலோ, திடீரென்று சுற்று எகிறினாலோ பெல்ட் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டி என்பதால் சி.வி.டி ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று விற்றவரிடம் கேட்பது அவசியம். கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றக் கூடாது. மூட்டைகளையும் கையேட்டில் சொன்ன எடைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலேட்டரை மிதித்துத் தாங்கி நிற்காமல் பிரேக் போட வேண்டும்.

அடுத்த முறை மலை இறங்கும் முன் பிரேக் பேடையும், பிரேக் ஆயிலையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடவும்.