படிகம் மட்டும் போதாது

உலோக அணைவுச் சேர்மத்தின் வடிவத்தை அறிய, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தால் போதுமாம். காந்தத்தன்மையுள்ள உலோகம் இருந்தால் அணுக்கருக் காந்த ஒத்திசைவுக் (என்எம்ஆர்) கோடுகள் அகன்று கெட்டுவிடுமாம். இந்த வாதத்தை என்னால் ஏற்கவே முடியாது.

கரைசலில் இருப்பதெல்லாம் படிகத்தில் வந்துவிடாது. தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கற்களைச் சூழ்ந்த கடலைப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் மெக்னீசியம் உண்டு. அந்த நீரைப் பாத்தி கட்டி உப்பு விளைவித்தால், மெக்னீசியத்தில் பெரும்பகுதி உப்போடு வராது. வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடும். படிகத்தை மட்டும் நம்புகிறவர் அதை எங்கே தேடுவார்?

காந்த உலோகம் கெடுக்கும் என்பதும் பாதி உண்மைதான். சில உலோகங்கள் கோட்டை அகலமாக்கும். சில வழியே காட்டும். 1960-இல் வேதியியலாளர் ஹென்றி டாபே குழுவினர் அலுமினியக் கரைசலில் வேண்டுமென்றே கோபால்ட்டைச் சேர்த்தார்கள். அது அலுமினியத்தோடு ஒட்டாத வெளிநீரின் ஆக்சிஜன்-17 என்எம்ஆர் கோட்டை இடம் விலக்கியது. அலுமினியத்தோடு ஒட்டிய நீரின் கோடு தனித்துத் தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு எவான்ஸ் என்ற வேதியியலாளர் சொன்ன முறை இன்னும் எளிது. அணைவுக் கரைசல் உள்ள குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய். இரண்டிலும் ஒரே ஒப்பீட்டுப் பொருள்; உள்குழாயில் அணைவு மட்டும் இருக்காது. அப்பொருளின் கோடு இரண்டாகப் பிரியும். இடைவெளியை அளந்தால் இணையில்லா எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கிடைக்கும். படிகத்தில் சதுரத் தளமாக இருந்த நிக்கல் அணைவு, கரைந்ததும் வடிவம் மாறிக் காந்தத்தன்மை பெற்றால், படிகப் படம் அதைச் சொல்லாது. இந்த இடைவெளி சொல்லும்.