ஒரு ரூபாய் நாணயமும் என் ஃபைனல் பிராஜெக்டும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நாற்பத்தாறு வயதில் கோடிங் படிக்கப் போயிருந்தேன். பி.காம். முடித்து, இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்விதான்.

எல்லாம் இந்த ஊர் செய்த வேலை. கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி கழக்கூட்டம் வந்து நான்கு வருஷம் ஆகிறது. இந்தியாவின் முதல் டெக்னாலஜி பார்க்கான டெக்னோபார்க் 1990-ல் ஆரம்பித்த ஊர். கிளைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். டீக்கடையில் நின்றால்கூட சர்வர், டேட்டாபேஸ் என்றுதான் காதில் விழும். என்னதான் செய்கிறார்கள் இவர்கள் என்று பார்த்துவிடலாமே என்று ஒரு ஆறு மாத பூட்கேம்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு ஆன்லைனில் வகுப்பு. கூடப் படித்தவர்களில் பலருக்கு என் பையனைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம். "அங்கிள்" என்று கூப்பிடாமல் "சார்" என்றார்களே, அதுவரை சந்தோஷம்.

கடைசியில் ஒரு ஃபைனல் பிராஜெக்ட் செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் சேச்சி, ஒரு அயல்கூட்டத்தின் செயலாளர். கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அடிமட்டக் குழுவுக்கு அதுதான் பெயர். நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழு மாதிரி. பத்திலிருந்து இருபது பெண்கள் வாராவாரம் கூடி, சிறுகச் சிறுகச் சேமித்து, அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்வார்கள். சேச்சி எல்லாவற்றையும் நீள நோட்டில் எழுதி வைத்திருப்பார். அதை ஒரு ஆப் ஆக்கிவிடலாம் என்று கிளம்பினேன்.

பைத்தானில் எழுதினேன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டர் 0.3 என்று சொல்லாமல் 0.30000000000000004 என்று சொல்லும் என்று வகுப்பில் காட்டியிருந்தார்கள். பின்னங்களை இரும எண்களில் வைப்பதால் வரும் கோளாறு. அதனால் பணத்தை எல்லாம் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்தேன். பயிற்சியாளர் பாராட்டினார். சோதனைகள் நாற்பத்திரண்டு எழுதி ஓட்டினேன், எல்லாம் பச்சை. ஜூலை கடைசியில் டெமோ, கைதட்டல், சான்றிதழ். தங்கமணிகூட ஒரு பாயசம் வைத்தார் :)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரக் கூட்டத்துக்குப் போய், சேச்சி வீட்டு டிவியில் ஆப்பைப் போட்டுக் காட்டினேன். பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் தானாகவே மேலே வரும்படி, அதுவும் சிவப்பில் வரும்படி செய்திருந்தேன். ஒரே ஒரு பெயர் சிவப்பில் வந்தது. டெக்னோபார்க்கில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண். பாக்கி: 96 பைசா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "நான் முழுசாகக் கொடுத்தேனே" என்று சேச்சியைப் பார்த்து ஒரு தடவை சொன்னார். அப்புறம் பேசவே இல்லை.

சேச்சி நோட்டைப் புரட்டினார். ஜூலை முதல் தேதி 5,000 ரூபாய் கடன். மாதம் அசல் 500, வட்டி 50. மொத்தம் 550 வரவு, கையெழுத்தோடு இருந்தது. என் ஆப் கேட்டது 550 ரூபாய் 96 பைசா.

எங்கே தப்பு? கோடில் தப்பே இல்லை. வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, வங்கியில் செய்வது போல நாள் கணக்கில் போட்டிருந்தேன். ஜூலைக்கு 31 நாள். 5,000-க்கு 50 ரூபாய் 96 பைசா வரும். அவர்கள் கணக்கோ நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மாதத்துக்கு 28 நாளோ 31 நாளோ, அது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. நான் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவே இல்லை. வட்டியைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தருவது என்ற நினைப்பு. நாற்பத்திரண்டு சோதனைகளையும் எழுதியது நானே என்பதால், அவையும் என் தப்பையே சரி என்று சொல்லிக்கொண்டிருந்தன.

"ஸாரே, இது ஞங்ஙளுடெ கணக்கல்ல, பேங்கின்டெ கணக்கா" என்றார் சேச்சி. எங்கள் கணக்கில்லை, பேங்க் கணக்கு.

அடுத்த வாரம் அந்தப் பெண் கூட்டத்துக்கு வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து ஒரு ரூபாய் நாணயம் கொடுத்தனுப்பியிருந்தார். பாக்கி தீர்ந்ததா என்று கேட்கச் சொன்னாராம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்துத் தபால் துறை விவகாரம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 1999-லிருந்து அங்கே கிளைத் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ஒப்பந்தப்படி பற்றாக்குறையை நிலைய நிர்வாகியே ஈடுகட்ட வேண்டும். எத்தனையோ பேர் கைக்காசைப் போட்டுக் கட்டினார்கள். முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணை 2010-ல், கர்ப்பிணியாக இருந்தபோதே சிறைக்கு அனுப்பினார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். அவருடைய தண்டனை ரத்தானது 2021-ல். மற்றவர்களையும் மொத்தமாக விடுவிக்க 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அவ்வளவு பெரிய விஷயத்தையும் என் 96 பைசாவையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். தொகையில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஆரம்பம் ஒன்றேதான். மெஷின் ஒரு எண்ணைக் காட்டுகிறது, உடனே எல்லோரும் மனுஷரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். தப்பு செய்யாதவரே காசை எடுத்து நீட்டுகிறார்.

வங்கியில் பழைய ஆட்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதற்கு நேர்மாறு. கணக்கு இடித்தால் முதலில் நம் புத்தகத்தைச் சந்தேகப்படு என்பார்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54-ஐ 45 என்று எழுதியிருப்பாய். வித்தியாசத்தில் சரிபாதித் தொகை எங்காவது இருந்தால் பற்றை வரவில் எழுதியிருப்பாய். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கவுண்ட்டரில் இருந்தவரைக் கேட்பார்கள். இந்தப் பாடம் தெரிந்த நானே, கீபோர்டைத் தொட்டதும் அதை மறந்துவிட்டேன்.

இப்போது சிலர் சொல்வார்கள், ஏ.ஐ. வந்துவிட்டது, இனி கோடிங் எதற்கு என்று. அதையும் சோதித்துப் பார்த்தேன். கடனுக்கு வட்டி போடும் நிரல் கேட்டேன், சில நொடிகளில் அருமையாக எழுதித் தந்தது. அதுவும் நாள் கணக்கில்தான். உங்கள் ஊரில் வட்டி எப்படிப் போடுவீர்கள் என்று அதுவும் கேட்கவில்லை, என்னைப் போலவே.

ஆகவே என் கருத்து இதுதான். இந்த மாதிரி வகுப்புகளில், பிராஜெக்ட் டெமோ முடிந்ததும் சான்றிதழ் கொடுப்பது தப்பு. செய்தவரைத் தவிர வேறு ஒருவர் அதை ஒரு மாதமாவது பயன்படுத்த வேண்டும். அவர் சொன்ன குறைகளையும் திருத்திய விதத்தையும் எழுதிக் கொடுத்த பிறகே அது முடிந்ததாகக் கணக்கு. என்னைப் போன்ற நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை மாறலாம் என்ற ஆசையில் மட்டும் இதில் பணத்தைப் போடாதீர்கள். ஆனால் நம் கவுண்ட்டருக்கு வருகிறவரின் கடனையும் வட்டியையும் தீர்மானிப்பது இன்று நிரல்கள்தான். அவற்றுக்குள் என்ன அனுமானம் ஒளிந்திருக்கிறது என்று கேட்கவாவது தெரிய வேண்டும். அதற்காகப் படிக்கலாம்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானும் தங்கமணியும் போனோம். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் அதையே சொன்னேன். ஆப்பில் சிவப்புப் பட்டியலை எடுத்துவிட்டேன். தொகை இடித்தால் இப்போது "நோட்டோடு ஒத்துப் பார்க்கவும்" என்று மட்டும் வரும், அதுவும் செயலாளருக்கும் உறுப்பினருக்கும் மட்டும். பதிவைத் திருத்தினால் பழையது அழியாமல், யார் எப்போது திருத்தினார் என்பதோடு நிற்கும். சேச்சி நோட்டை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. அக்டோபரில் இரண்டும் ஒரு மாதம் முழுக்க ஒத்துப்போயின. என் பிராஜெக்ட் முடிந்தது அன்றுதான்.

அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. குழுவின் சேமிப்பில் போடச் சொன்னார். அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று சேச்சியிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

டிஸ்கி: இதெல்லாம் என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆப்புக்கு ஒரு பைசாவும் வாங்கவில்லை, அந்த 96 பைசா உட்பட.