அலைக்கும் உரிமையாளர் உண்டு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பல ஆலப்புழைக்குப் புறப்படுகின்றன. ஹலால் உணவு கிடைக்குமா, தொழ இடமுண்டா என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே படகு அமர்த்துகிறோம். நல்லதுதான். ஆனால் விசைப்படகில் ஏறி அமர்ந்ததும், "சேட்டா, இன்னும் கொஞ்சம் ஸ்பீடா போங்க, பிள்ளைங்க ஆசைப்படுறாங்க" என்று ஓட்டுநரைத் தூண்டுகிறோமே, அப்போது பின்னால் விரியும் அலை யாருடைய கணக்கில் எழுதப்படும் என்று கேட்டறிந்தோமா?

குட்டநாட்டின் வயல்கள் பல கடல்மட்டத்துக்கும் தாழ்ந்தவை. காயல் நீர் மேலே, நெற்பயிர் கீழே. இடையில் காத்து நிற்பது ஒரு கரை. பல இடங்களில் அது வெறும் மண்கரை. இத்தகைய வேளாண்மையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபாக ஏற்றுக்கொண்டது. குறுகிய கால்வாயில் படகொன்று விரைந்தால், அதன் அலை அக்கரையின் அடிமண்ணை அரிக்கிறது. அடி கரைந்தால் மேல்மண் தானே சரிகிறது. அலையின் உயரம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். இதில் பலர் அறியாத ஒன்றுண்டு. முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, நீரை உழுதபடி செல்லும் நடுத்தர வேகத்தில்தான் பல படகுகள் மிகப் பெரிய அலையை எழுப்புகின்றன. ஆகவே "வேகத்தைச் சற்றுக் குறைத்துவிட்டோம்" என்பது விடையாகாது. படகு மட்டமாக அமரும்வரை குறைக்க வேண்டும்.

"காற்றும்தானே அலை எழுப்புகிறது?" என்பார் சிலர். காற்றின் அலைக்கு உரிமையாளர் இல்லை. நம் அலைக்கு உண்டு. பிறர் பயிரை ஆடுகள் இரவில் மேய்ந்த வழக்கில் தாவூத், சுலைமான் (அலைஹிமஸ்ஸலாம்) தீர்ப்பளித்ததைத் திருக்குர்ஆனின் அல்அன்பியா அத்தியாயம் நினைவூட்டுகிறது. வயல் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டின் உரிமையாளர் உழைத்துச் சீர்செய்ய வேண்டும் என்பதே சுலைமான் நபியின் தீர்ப்பு என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அவர் அந்த வயலில் கால்கூட வைக்கவில்லை. ஆடுதான் போயிற்று. படகு எழுப்பிய அலையும் அப்படித்தான் போகிறது. படிக்கட்டில் துணி துவைப்பவர் மீதும், சிறு வள்ளத்தில் வலை இழுப்பவர் மீதும், உழவரின் கரை மீதும் மோதுகிறது. நாமோ அதற்குள் அடுத்த வளைவைத் தாண்டி, கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வாடகை கொடுத்துவிட்டோம், பொறுப்பு ஓட்டுநருடையது என்று ஒதுங்குவதும் செல்லாது. வாடகை படகுக்குத்தான், பிறர் கரையை அரிக்க நமக்கு எவரும் அனுமதி விற்கவில்லை. இழப்பீடு ஓட்டியவர் மீதா, ஏவியவர் மீதா என்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் தீர்க்கட்டும். ஏவியவருக்குப் பாவத்தில் பங்கில்லை என்று அவர்களுள் எவரும் சொல்லமாட்டார்.

மக்ரிபுக்குள் கரைசேர வேண்டும், அதனால்தான் விரைகிறோம் என்போரும் உளர். அவர்கள் அஸர் தொழுத கையோடு படகைத் திருப்பச் சொல்லட்டும்.