ஆற்றோடு போகும் சாலை

மணாலிக்குப் போகும் நெடுஞ்சாலை பியாஸ் நதியை ஒட்டியே செல்கிறது. தேனிலவு ஜோடிகளுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. குல்லு விவசாயிக்கு அதுதான் பிழைப்பு. ஆப்பிள் பழுப்பதும் மலையில் மழை கொட்டுவதும் ஒரே பருவத்தில்தான். சாலை நாலு நாள் அடைபட்டால் பழம் லாரியிலேயே அழுகிவிடும். டெல்லி ஆசாத்பூர் மண்டியில் விலை அவருக்காகக் காத்திருக்காது.

இந்தச் சாலையை 1995 செப்டம்பரில் பியாஸ் அரித்துச் சென்றது. கோடி கோடியாகக் கொட்டி அகலப்படுத்திய பிறகு, 2023 ஜூலையில் மறுபடியும் விழுங்கியது. 2025 ஆகஸ்டில் மீண்டும். ஒவ்வொரு முறையும் 'வரலாறு காணாத மழை' என்கிறார்கள். முப்பது ஆண்டுகளில் மூன்று முறை கண்டதை வரலாறு காணாதது என்று எப்படிச் சொல்வது?

மழை கடுமையானதுதான், மறுப்பதற்கில்லை. ஒரு சிறு பகுதியில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டினால் அதை மேகவெடிப்பு என்கிறது வானிலைத் துறை. ஆனால் மழைக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். சாலைக்காக மலையடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டினால் மேலேயுள்ள மண்ணுக்குப் பிடிமானம் போகிறது. வெட்டிய மண்ணை ஆற்றோரம் கொட்டினால் ஆற்றுப்படுகை உயர்கிறது. ஓடைகளில் பாறையும் மரமும் உருண்டு வந்து சிறு பாலங்களின் கண்களை அடைக்கின்றன. பிறகு தண்ணீருக்குச் சாலைதான் வாய்க்கால்.

மண்டி நகரில் பியாஸுடன் சுகேதி ஓடை கலக்குமிடத்தில் பழமையான பஞ்சவக்த்ர சிவன் கோயில் இருக்கிறது. 2023 வெள்ளம் அதைச் சூழ்ந்து மூழ்கடித்தது. வடிந்தபோது கோயில் அப்படியே நின்றது. அதே வெள்ளத்தில் பாலங்கள் போயின. கோயில் கட்டியவர்கள் ஆற்றின் பலத்தைத் தெரிந்துகொண்டுதான் கல் வைத்திருக்க வேண்டும்.

இப்படியே போனால் இமாசலப் பிரதேசம் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. இயற்கையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்றும் சொன்னது.

மலைவாசிகளுக்குச் சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிரசவத்துக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் அதுதான் வழி. கேள்வி, அதை எங்கே, எப்படிப் போடுவது என்பதுதான். 1995-ல் வெள்ளம் எதுவரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கேட்காமல் பழைய இடத்திலேயே போடுவதானால், அடுத்த டெண்டரையும் இப்போதே அச்சடித்து வைத்துக்கொள்ளலாம்.