மவுஸை ஓரமா வைங்க

கரிசக்காட்டில் மழை பெய்துவிட்டால் வண்டிப்பாதை உதவாது. மண் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. ஓடைக்கரையை ஒட்டிப் போகும் ஒத்தையடிப்பாதை ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரிலும் அப்படிப் பாதைகள் உண்டு. ஆனால் அவற்றை ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்க கோவில்பட்டி பக்கம் உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைத்த கையோடு பயிர்க் காப்பீட்டு அலைச்சல் ஆரம்பித்துவிடும். சிட்டா வேணும், அடங்கல் வேணும். சிட்டா எடுக்கிற தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் என்று வரிசையாகக் கேட்கும். வீட்டில் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். அப்பா சேவை மையத்து வரிசையில் நிற்பார். கேட்டால், "அந்த அம்புக்குறி நம்ம கைக்கு நிக்க மாட்டேங்குதுப்பா" என்பார். களைக்கொத்து பிடித்துக் காய்த்த கை, வேறெப்படி இருக்கும்?

அவங்களுக்கு நான் சொல்வது, மவுஸை ஓரமா வைங்க. டேப் விசையைத் தட்டினால் அடுத்த கட்டம். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் முந்தின கட்டம். மாவட்டப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தால், டி, ஹெச், ஓ என்று வேகமாகத் தட்டுங்க. பெரும்பாலும் தூத்துக்குடியில் போய் நிற்கும். எழுத்து பொடியாகத் தெரிந்தால் கண்ட்ரோலும் பிளஸ்ஸும். கைதவறி மூடிய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல், ஷிப்ட், டி. நீளமான பட்டியலில் நம்ம ஊர்ப் பேரைத் தேட கண்ட்ரோலும் எஃப்பும். இந்த அஞ்சு போதும்.

"இப்ப எல்லாம் போன்லதானே?" என்பீங்க. பார்க்கிறதுக்குப் போன் சரி. நீளமான படிவத்தை அடுத்தவர் நிரப்பினால் ஆதார், வங்கிக் கணக்கு, ஓடிபி எல்லாம் அவர் முன்னால் போகிறது. சர்வே எண்ணில் உட்பிரிவு ஒண்ணு மாறினாலும் பின்னால் அலையப்போவது நாமதான்.

ஆனால் பாதை தெரிந்தால் மட்டும் போதாது, அதை யாரும் அடைத்து வைக்கக் கூடாது. தாளைப் படம் பிடித்து அப்படியே ஏற்றிவிட்டால் கண்ட்ரோல் எஃப் ஒன்றையும் தேடாது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பிலும் அதே கதி. தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-ல். இன்னமும் ஒரு பேரைக் கண்டுபிடிக்கப் பக்கம் பக்கமாகப் புரட்டணுமா? விசைப்பலகையாலேயே தளத்தை இயக்க முடியணும் என்கிற வழிகாட்டுதலும் அரசுத் தளங்களுக்கு 2009 முதலே இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கு அது கூடுதல் வசதி இல்லை, இருக்கிற ஒரே வழி. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006-ல் தொடங்கிய ஆஸ்திரேலியரும் பார்வையற்றவர்தான். அதில் ஹெச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். தளம் கட்டினவர் தலைப்பைத் தலைப்பாகக் குறித்திருக்கணும், அவ்வளவுதான்.

சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலை பார்க்கிற நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்க கட்டின பக்கத்தை வெளியே விடும் முன்னால் மவுஸைக் கழற்றிவிட்டு ஒரு தடவை கடைசிப் பொத்தான் வரை போய்ப் பாருங்க. மற்றவங்க, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அந்த அஞ்சு விசையையும் பெரிய எழுத்தில் எழுதி, கம்ப்யூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிட்டுப் போங்க. வேட்டி சேலையோடு அதுவும் இருக்கட்டும்.