கவனத்தை அளக்கும் தாளா, ஆங்கிலத்தை அளக்கும் தாளா?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் உளவியல் ஆய்வகங்களில் ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடைபெறுகிறது. மாணவரிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. அதில் 'ரெட்' என்னும் ஆங்கிலச் சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைக் கூற வேண்டும். தாமதம் நொடிக்கணக்கில் குறிக்கப்படுகிறது. அந்த எண்ணின்மேல் 'கவனத்திறன்' என்ற முத்திரை குத்தப்படுகிறது. அவ்வெண் உண்மையில் எதை அளந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட மூலக் கட்டுரையைப் புரட்டினாலே ஐயம் தொடங்கிவிடும். 100 வண்ணக் கட்டங்களின் நிறங்களைக் கூற அவருடைய மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 நொடிகள் ஆயின. முரண்பட்ட சொற்களின் மை நிறத்தைக் கூற 110.3 நொடிகள் ஆயின. அதே வகைச் சொற்களைப் படிக்கச் சொன்னபோதோ, முரண்பட்ட நிறம் ஏறத்தாழ எந்தத் தடையும் செய்யவில்லை. முரண் ஒன்றே, தடை மட்டும் ஒரு திசையில் ஏன்? வாசிப்பு அம்மாணவர்களுக்குப் பல்லாண்டுப் பழக்கம். நிறம் கூறுதல் அப்படிப்பட்டதன்று. நிறம் கூறுவதில் 8 நாள் பயிற்சி அளித்தபின் தடை குறைந்ததையும் அவரே பதிவு செய்தார். ஆக, முரண் தகவல் எவ்வளவு தாமதப்படுத்தும் என்பதைப் பழக்கமே பெரிதும் தீர்மானிக்கிறது.

இவ்வுண்மையோடு இந்திய வகுப்பறைக்கு வருவோர் திகைப்பர். தாய்மொழி வழியில் பள்ளிக்கல்வி முடித்த மாணவிக்கு ஆங்கிலச் சொல் அவ்வளவு எளிதில் தானாக வாசிக்கப்படுவதில்லை. எனவே குறுக்கீடு குறையலாம். ஆங்கிலவழியில் பயின்றவருக்குச் சொல் கண்ணில் பட்டதுமே பொருள் எழுந்துவிடும், குறுக்கீடு மிகும். முன்னவர் கவனத்தில் சிறந்தவர் என்று எழுதுவதா? அந்தத் தருக்கப்படி, ஆங்கில எழுத்தே அறியாதவரைக் கவனத்தின் சிகரம் என்று அறிவிக்க வேண்டியிருக்கும். இறுதித் தாளின் மொத்த நேரத்தை மட்டும் கணக்கிடும் ஆய்வகத்திலோ, நிறப்பெயரை ஆங்கிலத்தில் தேடிச் சொல்லும் அதே மாணவி 'கவனக்குறைவுடையவர்' ஆகிவிடுகிறார். கணக்கு மாறினால் தீர்ப்பும் தலைகீழாகிறது, மாணவி மாறவில்லை.

தாளை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்போர் உண்டு. ஸ்ட்ரூப் பயன்படுத்திய ஐந்து நிறங்களுள் 'பிரவுன்', 'பர்ப்பிள்' இரண்டும் அடங்கும். தமிழில் 'பழுப்பு' நூல் வழக்கு. பேச்சில் அது 'காப்பி கலர்'. 'ஊதா' ஒருவருக்கு நீலம், மற்றொருவருக்குக் கத்தரிப்பூ நிறம். அச்சொற்களில் நேரும் தயக்கம் பெயரைத் தேடும் தயக்கமே. அதைக் கவனத்தின் தளர்ச்சி என்று குறிப்பது பிழை.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. ஏறக்குறைய எல்லோரிடமும் தவறாது தோன்றுவதால்தான் ஸ்ட்ரூப் விளைவு புகழ்பெற்றது. எல்லோரிடமும் ஒத்த அளவில் தோன்றும் விளைவு, ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய நல்ல கருவியாகாது. ஹெட்ஜ், பவல், சம்னர் ஆகியோர் 2018இல் இம்முரணை விரிவாக எடுத்துக்காட்டினர். குழுவின் சராசரிக்குப் பொருந்தும் சோதனையைத் தனியொருவரின் தகுதிச் சான்றாக்குவது அளவியலுக்கே புறம்பானது.

சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. முரண் தகவல் மனத்தை எவ்வாறு தாமதப்படுத்துகிறது என்பதைக் கண்முன் காட்ட அதற்கிணையான எளிய சோதனைகள் சிலவே. கைவிட வேண்டியது முத்திரை குத்தும் பழக்கத்தை. பங்கேற்பாளர் எம்மொழியில் எத்தனை ஆண்டுகள் வாசித்தார் என்பது ஒவ்வோர் ஆய்வேட்டிலும் பதிவாக வேண்டும். அவர் சரளமாக வாசிக்கும் மொழியிலேயே தாள் அமைய வேண்டும். முரணற்ற தாளின் நேரமும் உடன் தரப்பட வேண்டும். இவை இல்லாத ஆய்வேட்டை ஏற்றுக் கையொப்பமிடும் நெறியாளர், தம் மாணவரின் பள்ளிக்கூடத்தை அளந்துவிட்டு அதற்கு மூளை என்று பெயரிடுகிறார்.